சால்டர் உருண்டு நிற்கிறது, பேடில் பரவவில்லை: எங்கே தவறு?

கேள்வியின் சுருக்கம் இது. 25 வாட் சால்டரிங் அயர்னும் ஒரு சுருள் ஈயக் கம்பியும் (சால்டர்) வாங்கி, எல்எம்317 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் வைத்த சிறிய பவர் சப்ளை போர்டு ஒன்றை அசெம்பிள் செய்கிறீர்கள். கால்களின் மேல் ஈயம் உருண்டையாக நிற்கிறது, கீழே பேடில், அதாவது போர்டில் கால் பற்ற வேண்டிய செம்புத் திட்டில், பரவவில்லை. கிரவுண்டுக்குப் போகும் காலில் எவ்வளவு நேரம் அயர்னை வைத்தாலும் பிடிக்கவே இல்லை. இன்னொரு இடத்தில் பேடே கழன்று வந்துவிட்டது. துளையில் நுழைக்காமல் போர்டின் மேலேயே பற்றவைக்கும் எஸ்எம்டி வகையில் எட்டுக் கால் ஐசி ஒன்றும் சில 0805 அளவு ரெசிஸ்டர்களும் இன்னும் மிச்சம்; அவற்றைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. எந்த டெம்பரேச்சர், எந்த வரிசை, எப்படிப் பிடிக்க வேண்டும்?

நீங்கள் சொல்லும் மூன்று கோளாறில் முதலில் உருண்டையைப் பார்ப்போம்; மற்ற இரண்டும் பின்னால் வரும். ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கி, உருகியதைச் சுமந்துபோய்க் காலின் மேல் வைக்கிறீர்கள். ஈயம் கோந்து போலப் பூசி ஒட்டவைக்கும் பொருள் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரை நினைத்துப் பாருங்கள். முதலில் பாத்திரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்வார். உலையில் காட்டிச் சூடேற்றுவார். நவச்சாரத்தைத் தூவுவார். அதற்குப் பிறகுதான் ஈயத்தைச் சூடான பாத்திரத்தில் தொட்டு, துணியால் சுற்றி இழுப்பார். ஈயம் உருகுவது பாத்திரத்தின் சூட்டில். போர்டிலும் அதே வரிசைதான்: சுத்தமான உலோகம், சூடு, ஆக்சைடை நீக்கும் ஃப்ளக்ஸ், கடைசியில் ஈயம். நவச்சாரத்தின் வேலையை இங்கே கம்பிக்குள் இருக்கும் ரோசின், அதாவது பைன் மரப் பிசின், செய்கிறது.

உருகிய வெள்ளீயம் சூடான செம்பைத் தொட்டதும், இரண்டும் சேரும் எல்லையில் ஒரு புதிய சேர்மம் உண்டாகிறது. ஆறு செம்பு அணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு என்ற கணக்கில் அமையும் அந்தப் படலம் ஓரிரு மைக்ரான் தடிமன்தான். இணைப்பு என்பது உண்மையில் அந்தப் படலம். மேலே தெரியும் ஈயமெல்லாம் அதன்மேல் நிற்கும் நிரப்பு. படலம் உண்டாக இரண்டு நிபந்தனைகள்: செம்பின் மேல் ஆக்சைடு இருக்கக் கூடாது, செம்பே ஈயத்தின் உருகுநிலையை விட 40, 50 டிகிரி கூடுதலாகச் சூடாகியிருக்க வேண்டும். காலும் பேடும் குளிர்ந்திருந்தால், மேலே வைத்த ஈயம் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். நீங்கள் பார்ப்பது அதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் எடையில் சுமார் 2 சதவீதம்தான். நுனியில் உருக்கிய ஒன்றிரண்டு விநாடிக்குள் அது புகையாகப் போய்விடும். இணைப்புக்கு நீங்கள் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஃப்ளக்ஸ் தீர்ந்த, மேலே ஆடை படிந்த ஈயம். அது எதையும் பிடிக்காது.

எந்தக் கம்பி வாங்குவது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் நம் பேச்சில் இரண்டு உலோகங்கள் ஒளிந்திருக்கின்றன: வெள்ளீயம், காரீயம். 60/40 என்று சுருளில் எழுதியிருந்தால் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். 63/37 கலவை 183 டிகிரி செல்சியஸில் ஒரே புள்ளியில் உருகி, அதே புள்ளியில் உறைகிறது. 60/40 கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கி சுமார் 190 டிகிரியில்தான் முழுவதும் உருகுகிறது. நடுவில் கூழ் நிலை. அந்தக் கூழ் நிலையில் கால் அசைந்தால் உள்ளே விரிசல் விழும். விலை வித்தியாசம் கொஞ்சம்தான். கற்றுக்கொள்ளும் காலத்தில் 63/37 கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

காரீயம் இல்லாத கம்பிகளும் உண்டு. அபாயகரமான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் (RoHS) விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, விற்பனைக்குப் போகும் பெரும்பாலான போர்டுகள் இவற்றுக்கு மாறின. அதிகம் பயன்படுவது எஸ்ஏசி305: வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 சதவீதம். 217 முதல் 220 டிகிரிக்குள் உருகும். வெள்ளி இல்லாத, செம்பு 0.7 சதவீதம் சேர்ந்த மலிவான வகை 227 டிகிரியில் உருகும். இவை மெதுவாகப் பரவும். உறைந்த பிறகு மேற்பரப்பு மங்கலாக, சொரசொரப்பாக இருப்பது இவற்றின் இயல்பு. பளபளப்பை வைத்து இணைப்பை மதிப்பிடுவது காரீயக் கலவைக்குத்தான் ஓரளவு பொருந்தும்.

கம்பியின் தடிமனைக் கடைகளில் எஸ்டபிள்யூஜி என்ற கேஜ் கணக்கில் கேட்பார்கள்; எண் கூடினால் கம்பி மெல்லியது. 22 எஸ்டபிள்யூஜி என்றால் 0.71 மி.மீ.; 18 என்றால் 1.22 மி.மீ. உங்கள் போர்டுக்கு 22 போதும், எஸ்எம்டிக்கு 0.5 மி.மீ. கிடைத்தால் நல்லது. 18 எண் கம்பி வயர், டெர்மினல் போன்ற பெரிய வேலைகளுக்கானது. போர்டில் அதை ஒரு நொடி கூடுதலாகத் தள்ளினாலே பக்கத்துக் காலோடு ஷார்ட் ஆகிவிடும்.

அயர்ன் விஷயத்தில் பெரும்பாலானோர் வாட்டையும் டெம்பரேச்சரையும் பார்க்கிறார்கள். நுனியின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. ஊசி போன்ற கூர் நுனி நுணுக்கமான வேலைக்கு என்று தோன்றும். ஆனால் அது பேடை ஒரு புள்ளியில்தான் தொடும். தொடும் பரப்பு குறைந்தால் சூடு போய்ச் சேராது. உளி போலத் தட்டையான நுனி, 1.6 அல்லது 2.4 மி.மீ. அகலம், காலின் பக்கவாட்டிலும் பேடின் மேலும் ஒரே நேரத்தில் படியும். எஸ்எம்டிக்கும் அதுவே நல்லது. கூர் நுனியை மாற்றிய அன்றே உங்கள் வேலையில் பாதிக் குறை போய்விடும் என்று துணிந்து சொல்வேன்.

டெம்பரேச்சர் கட்டுப்பாடு இல்லாத 25 வாட் அயர்ன் சும்மா இருக்கும்போது 400 டிகிரியைத் தாண்டக்கூடும். பெரிய செம்புப் பரப்பைத் தொட்டதும் சடாரென்று இறங்கும். அதை வைத்தும் நல்ல வேலை செய்யலாம். ஸ்டாண்டில் வெகுநேரம் கிடந்த பிறகு எடுத்தால், ஈர ஸ்பாஞ்சில் ஒருமுறை இழுத்து நுனியின் கொதிப்பைத் தணித்துவிட்டுத் தொடுங்கள். கட்டுப்பாடுள்ள ஸ்டேஷன் இருந்தால் காரீயக் கம்பிக்கு 320 முதல் 350, காரீயமற்றதற்கு 350 முதல் 380 டிகிரி. பிடிக்காத இடத்தில் 400, 450 என்று ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்தச் சூட்டில் ஃப்ளக்ஸ் கருகி, ஆக்சைடு வேகமாகப் படிந்து, இணைப்பு முன்னைவிட மோசமாகும். பேடைப் பலகையோடு ஒட்டியிருக்கும் பிசினும் இளகும். உங்கள் பேடு கழன்றது அப்படித்தான்: அதிகச் சூடு, அதிக நேரம், கூடவே நுனியால் அழுத்திய அழுத்தம். அழுத்துவதால் சூடு கூடுதலாகப் பாயாது. நுனி ஈரமாக இருந்தால், அதாவது உருகிய ஈயம் மெல்லியதாகப் படிந்திருந்தால், மெதுவாகத் தொட்டாலே போதும்.

அந்த ஈரம்தான் நுனியின் உயிர். உலர்ந்து கறுத்த நுனி எத்தனை டிகிரியில் இருந்தாலும் சூட்டைக் கடத்தாது. நல்ல நுனிகள் செம்பின் மேல் இரும்பு முலாம் பூசியவை; உருகிய வெள்ளீயம் செம்பைக் கரைத்துவிடும் என்பதால் இரும்பு அதைக் காக்கிறது. அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்தால் முலாம் போய்விடும், சில நாட்களில் நுனியில் குழி விழும். பித்தளைச் சுருளில் குத்தி எடுங்கள் அல்லது ஈர ஸ்பாஞ்சில் துடையுங்கள், உடனே புது ஈயம் தொட்டு வையுங்கள். அயர்னை அணைக்கும் முன் நுனியில் தாராளமாக ஈயத்தைப் பூசிவிட்டு அணையுங்கள். அடுத்த முறை துடைத்தால் வெள்ளியாக மின்னும். மலிவான அயர்னில் முலாம் இல்லாத வெறும் செம்பு நுனி வந்திருந்தால் கதை வேறு. அது தேயத்தான் செய்யும். குழி விழுந்தால் ஆறிய பிறகு அரத்தால் சமப்படுத்தி, மறுபடி சூடேறும்போதே ஈயம் பூசிக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு காலைப் பற்றவைக்கும் முறை. நுனியைத் துடைத்து, அரிசியில் பாதி அளவு ஈயத்தை நுனியில் தொட்டுக்கொள்ளுங்கள். இது இணைப்புக்கான ஈயமில்லை, நுனிக்கும் காலுக்கும் நடுவில் சூடு பாய ஒரு பாலம். நுனியைக் காலும் பேடும் சேரும் மூலையில், இரண்டையும் தொடும்படி வையுங்கள். ஒரு விநாடி. பிறகு கம்பியை நுனிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து காலும் பேடும் சேரும் இடத்தில் தொடுங்கள். அங்கே உருகினால் உலோகம் போதிய சூட்டில் இருக்கிறது என்று பொருள். ஈயம் சூட்டை நோக்கி ஓடும், காலைச் சுற்றிக்கொண்டு நுனிப் பக்கம் வந்து சேரும். முதலில் கம்பியை எடுங்கள், அரை விநாடி கழித்து அயர்னை எடுங்கள். வரிசை மாறினால் கம்பி இணைப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். மொத்தம் இரண்டு முதல் மூன்று விநாடி. உறையும்வரை போர்டை அசைக்காதீர்கள், ஊதியும் ஆற்றாதீர்கள்.

எவ்வளவு கம்பி? கணக்குப் போட்டே சொல்லலாம். 1.6 மி.மீ. பலகை, 1 மி.மீ. துளை, 0.6 மி.மீ. கால் என்றால், துளைக்குள் நிரம்ப வேண்டிய இடம் சுமார் 0.8 கன மி.மீ. மேலே எழும் சரிவுக்கு ஏறக்குறைய இன்னொரு அவ்வளவு. ஆக 1.6 கன மி.மீ. 22 எஸ்டபிள்யூஜி கம்பியில் அது 4 மி.மீ. நீளம். விரல் நகத்தின் பாதி அகலம்கூட இல்லை. புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைப்போல மூன்று மடங்கு ஊட்டுகிறார்கள், பிறகு ஏன் உருண்டையாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். துளையின் உட்சுவரில் செம்பு பூசாத, ஒரு பக்கம் மட்டும் செம்புள்ள போர்டானால் துளைக்குள் நிரம்ப எதுவும் இல்லை, 2 மி.மீ. கம்பியே போதும்.

சரியான இணைப்பு எப்படி இருக்கும்? மரத்தின் அடி, மண்ணைத் தொடும் இடத்தில் மெல்ல அகன்று வேரோடு கலப்பதுபோல, ஈயம் காலிலிருந்து பேடின் ஓரம்வரை உள்வளைந்து இறங்கியிருக்க வேண்டும். காலின் உருவம் ஈயத்துக்குள் தெரிய வேண்டும். ஓரம் பேடோடு கரைந்திருக்க வேண்டும். விளிம்பு மடங்கி, கீழே இடைவெளி தெரிந்தால் அது பிடிக்கவில்லை. போர்டைத் திருப்பிப் பாருங்கள்: உட்சுவரில் செம்பு பூசிய துளையானால் மறுபக்கத்திலும் ஈயம் எட்டிப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைகள் பின்பற்றும் ஐபிசி-ஏ-610 தரம், பொதுவாகத் துளையின் உயரத்தில் குறைந்தது 75 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது.

கிரவுண்டுக்குப் போகும் காலில் ஏன் பிடிக்கவில்லை? செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் பலகையான எஃப்ஆர்-4 ஐவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். பேடு அகன்ற கிரவுண்டுப் பரப்போடு நேராகச் சேர்ந்திருந்தால், அயர்ன் கொடுக்கும் சூட்டையெல்லாம் அந்தப் பரப்பு இழுத்துப் பரப்பிவிடும். நன்றாக வரைந்த போர்டில் அந்தப் பேடைச் சுற்றி இடைவெளி விட்டு, நான்கு மெல்லிய செம்புப் பட்டைகளால் மட்டும் கிரவுண்டோடு இணைத்திருப்பார்கள். உங்கள் போர்டில் அது இல்லை என்று தோன்றுகிறது. தீர்வு டெம்பரேச்சரை ஏற்றுவது இல்லை, நுனியைப் பெரிதாக்குவது. 3 மி.மீ.க்கு மேல் அகலமான உளி நுனி, கொஞ்சம் ஃப்ளக்ஸ், நான்கைந்து விநாடி. அதற்கும் மசியாவிட்டால் போர்டையே முன்கூட்டிச் சூடாக்குங்கள்: ஹாட் ஏர் கருவியைத் தள்ளிப் பிடித்து, அந்தப் பகுதியை மெதுவாக 100 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்தால், உங்கள் 25 வாட்டே மீதியை முடித்துவிடும். பக்கத்தில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரோ பிளாஸ்டிக் கனெக்டரோ பொருத்துவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

அதனால்தான் வரிசை முக்கியம். போர்டு தட்டையாகக் கிடக்கும்போதே எஸ்எம்டி எல்லாம். அடுத்து ரெசிஸ்டர், டயோடு; பிறகு ஐசி சாக்கெட், சிறிய செராமிக் கெப்பாசிட்டர்; பிறகு எலக்ட்ரோலிட்டிக்; கடைசியில் கனெக்டர், ஹீட்சிங்கோடு (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) எல்எம்317. குட்டையானது முதலில், நெட்டையானது பிறகு. அப்போதுதான் போர்டைக் கவிழ்த்து வைக்கும்போது, இப்போது பற்றவைக்கும் பாகம் மேசையால் தாங்கப்பட்டு நிற்கும். எல்எம்317 ஐ முதலில் ஹீட்சிங்கில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டுப் பிறகு காலைப் பற்றவையுங்கள். தலைகீழாகச் செய்தால் ஸ்க்ரூ இழுக்கும் இழுப்பு முழுக்கக் காலிலும் இணைப்பிலும் தங்கிவிடும். அதன் உலோக முதுகு அவுட்புட் காலோடு சேர்ந்தது; ஹீட்சிங்க் கிரவுண்டையோ பெட்டியையோ தொடுமானால் நடுவில் மைக்கா அல்லது சிலிக்கோன் தாள் வேண்டும்.

ரெசிஸ்டர், டயோடு கால்களை உடலிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. விட்டு வளையுங்கள், உடலை ஒட்டி வளைத்தால் உள்ளிருக்கும் இணைப்பு விரிசல் விடும். பற்றவைத்த பிறகு காலை 1 முதல் 1.5 மி.மீ. நீட்டிவிட்டு வெட்டுங்கள். கட்டர் ஈயச் சரிவைக் கடித்துவிட்டால், அந்த அதிர்ச்சியில் நுண்விரிசல் விழலாம்; அந்தக் காலை மறுபடி உருக்கி உறையவிடுங்கள். திசை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் உடலில் இருக்கும் கோடு மைனஸ். டாண்டலம் கெப்பாசிட்டரில் கோடு பிளஸ். இரண்டையும் ஒன்றாக நினைத்தால் டாண்டலம் தீப்பிடிக்கும்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். எஸ்எம்டி கடினமே இல்லை. துளையில் நுழைக்கும் பாகங்களைவிட வேகமாக முடியும். ஆனால் முன்னால் சொன்ன ஒரு விதி இங்கே மாறும். கையில் ட்வீசர் இருப்பதால் கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஈயத்தை நுனியில் சுமந்துதான் போக வேண்டும். சுமந்துபோகும் ஈயத்தில் ஃப்ளக்ஸ் இருக்காது என்பதால், ஃப்ளக்ஸை முன்கூட்டியே போர்டில் தடவிவிட வேண்டும். சிரிஞ்சில் வரும் ஜெல் ஃப்ளக்ஸ் இதற்கு மிகப் பொருத்தம். தகர டப்பியில் வரும் மஞ்சள் பேஸ்டில் பல, உலோகத் தகட்டு வேலைக்கானவை, துத்தநாகக் குளோரைடு போன்ற அரிக்கும் பொருள் சேர்ந்தவை. அப்போதைக்கு அருமையாகப் பிடிக்கும். சில மாதத்தில் செம்பு பச்சை பூத்து, மெல்லிய டிராக், அதாவது போர்டின் செம்புப் பாதை, அறுந்துபோகும். எலக்ட்ரானிக்ஸுக்கான ரோசின் ஃப்ளக்ஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

0805 ரெசிஸ்டர் 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம். இரண்டு பேடில் ஒன்றில் மட்டும் மெல்லிய ஈயம் பூசுங்கள். வலக்கையால் எழுதுகிறவரானால் வலப்பக்கப் பேடு. ட்வீசரால் ரெசிஸ்டரைப் பிடித்து, அந்த ஈயத்தை உருக்கியபடியே பக்கவாட்டில் நகர்த்தி உள்ளே தள்ளுங்கள். அயர்னை எடுத்து, உறைந்த பிறகு ட்வீசரை விடுங்கள். போர்டில் தட்டையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி உருக்கி மெல்ல அழுத்துங்கள். பிறகு மறுமுனையைக் கம்பி ஊட்டி முடியுங்கள். கடைசியாக முதல் முனைக்குத் திரும்பி, கொஞ்சம் ஃப்ளக்ஸ் தொட்டு ஒருமுறை உருக்குங்கள். இரண்டு முனையும் ஒரே நேரத்தில் பற்றவைக்க முயன்றால் பாகம் நுனியோடு வந்துவிடும். செராமிக் கெப்பாசிட்டரானால் நுனி அதன் உடலைத் தொடாமல் பேடைத் தொட்டே சூடாக்குங்கள். குளிர்ந்த பீங்கானில் 350 டிகிரி நுனி படுவது விரிசலுக்கு வழி. வெளியே தெரியாத அந்த விரிசல் பின்னால் ஷார்ட்டாக வெளிப்படும்.

எட்டுக் கால் ஐசியில் கால்களுக்கு நடுவே மையத்திலிருந்து மையத்துக்கு 1.27 மி.மீ. இருக்கும், கண்ணாலேயே பார்த்துச் செய்யலாம். முதல் கால் புள்ளியைப் போர்டில் உள்ள குறியோடு ஒப்பிட்டு, ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். ஒரு மூலைப் பேடில் ஈயம் பூசி, ரெசிஸ்டரை வைத்த மாதிரியே அந்த ஒரு காலை மட்டும் பிடிக்கவையுங்கள். இப்போது எல்லாக் கால்களும் பேடுகளின் நடுவில் இருக்கின்றனவா பாருங்கள். இந்தக் கட்டத்தில் மாற்றுவது சுலபம், பிறகு கடினம். சரியானதும் எதிர் மூலைக் காலைப் பிடிக்கவைத்து, இரு வரிசைக் கால்கள் மேலும் ஃப்ளக்ஸ் தடவுங்கள். நுனியில் சிறிது ஈயம் எடுத்து, கால்களின் வெளிமுனையைத் தொட்டபடி வரிசை நெடுக மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். ஃப்ளக்ஸ் இருக்கும்வரை ஈயம் உலோகத்தையே பிடித்துக்கொள்ளும். நடுவிலிருக்கும் பச்சைப் பூச்சில் தங்காது. பரப்பு இழுவிசை உங்களுக்காக வேலை செய்கிறது. இரண்டு கால் சேர்ந்து பிரிட்ஜ் ஆனால் பதறாதீர்கள், மறுபடி ஃப்ளக்ஸ் வைத்து, துடைத்த நுனியால் வெளிப்பக்கமாக இழுங்கள். கூடுதல் ஈயம் நுனியோடு வந்துவிடும். அதற்கும் போகாவிட்டால்தான் செம்புப் பின்னலான விக். பல ஐசிகளின் டேட்டாஷீட்டில் கால்களுக்கு 260 டிகிரி, 10 விநாடிவரை தாங்கும் என்ற கணக்கு இருக்கும். ஒரு வரிசை முடிந்ததும் அரை நிமிடம் ஆறவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

இரண்டு பின் அயர்னில் எர்த் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். நுனியில் கசிவு மின்னழுத்தம் நிற்கலாம். மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர் போன்றவற்றின் கேட் முனையை அது கெடுக்கலாம். எர்த் சரியாக இருக்கும் பிளக்கில், மூன்று பின் அயர்ன் பயன்படுத்துவதே முறை.

ஏற்கெனவே உருண்டையாக நிற்கும் இணைப்புகளைப் பிய்க்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஃப்ளக்ஸ் தொட்டு, ஈயம் பூசிய உளி நுனியைக் காலும் பேடும் படும்படி வைத்து இரண்டு விநாடி உருக்குங்கள். பெரும்பாலானவை தாமாகவே பரவிப் படியும். அதிகமாக இருக்கும் ஈயத்தை சக்கரால், அதாவது உருகிய ஈயத்தை இழுக்கும் கை பம்பால், உறிஞ்சுங்கள். சக்கர் சரியாக இழுக்கவில்லையென்றால், முரணாகத் தோன்றினாலும், முதலில் புது ஈயம் சேர்த்துவிட்டு உறிஞ்சுங்கள்: பழைய ஈயத்தில் ஃப்ளக்ஸ் இல்லை, புதியது அதை இளக்கிக் கொடுக்கும். பேடு பழுப்பு பூத்துக் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலவைக் கம்பி பாகங்களைக் கழற்றக் கை கொடுக்கும் என்று சிலர் சொல்வது சரிதான். ஆனால் அதன் எச்சம் காரீய ஈயத்தோடு கலந்தால், கலவையில் ஒரு பகுதி 96 டிகிரியிலேயே உருகக்கூடியதாகிவிடும். பவர் சப்ளையில் சூடாகும் இடத்தில் அப்படி ஓர் இணைப்பு நிற்காது. பயன்படுத்தினால் விக்கால் முழுவதும் துடைத்தெடுங்கள்.

கழன்ற பேடை மறுபடி ஒட்ட முயல வேண்டாம். அதிலிருந்து போகும் டிராக்கைக் கண்டுபிடித்து, 3, 4 மி.மீ. நீளத்துக்குப் பச்சைப் பூச்சைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு மின்னியதும் ஃப்ளக்ஸ் தடவி ஈயம் பூசுங்கள். பாகத்தின் கால் நீளமாக இருந்தால் அதையே டிராக் மேல் மடக்கிப் பற்றவையுங்கள். இல்லையேல் வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் கால் ஒன்றைப் பாலமாக வையுங்கள். அது உறுதியாக நிற்க, வேலை முடிந்தபின் ஒரு சொட்டு எப்பாக்ஸி போதும்.

பழைய டிவி ரிப்பேரில் அடிக்கடி கேட்ட டிரை சால்டர் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டினால் படம் வரும், விட்டால் போகும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உங்களுடையதுபோல ஆரம்பத்திலிருந்தே பிடிக்காத இணைப்பு. மற்றது, சரியாகப் பிடித்து, பல ஆண்டுகள் சூடாகி ஆறி, டிரான்ஸ்ஃபார்மர், ரிலே, கனெக்டர் போன்ற கனமான பாகங்களின் காலைச் சுற்றி வளையமாக விரிசல் விட்டது. எல்எம்317 கால்களிலும் இது நேரலாம். அதனால்தான் அந்தக் கால்களுக்கு மட்டும் சரிவு சற்று நிறைவாக இருக்கட்டும் என்பேன்.

எல்லாம் முடிந்ததும் ஆல்கஹால் தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் ஃப்ளக்ஸ் எச்சத்தைக் கழுவுங்கள். ரோசின் எச்சம் தீங்கில்லைதான், ஆனால் அதன் அடியில் மறைந்திருக்கும் பிரிட்ஜ் கழுவினால்தான் தெரியும். பத்து மடங்கு லென்ஸ் வைத்து ஒவ்வொரு காலாகப் பாருங்கள். பிறகு, பவர் கொடுக்காமல், இன்புட் கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கு நடுவே மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். எண் குறைவில் தொடங்கி மெல்ல ஏறினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது, சரி. பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றால் எங்கோ ஷார்ட். அவுட்புட்டிலும் இதையே செய்யுங்கள். முதல்முறை மெயின்ஸ் கொடுக்கும்போது டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரிக்கு வரிசையில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள். எரியாமலோ லேசாகச் சிவந்தோ இருந்தால் அவுட்புட் வோல்டேஜை அளக்கலாம்.

புகையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மேலே வருவது காரீய ஆவி இல்லை. காரீயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். வருவது ரோசின் புகை. அதைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும் என்பது தொழில் மருத்துவத்தில் நன்கு அறிந்த விஷயம். முகத்தை நேராக மேலே வைக்காமல், சிறிய ஃபேன் ஒன்றைப் புகையை இழுத்துக்கொண்டு போகும் திசையில் வையுங்கள். காரீயம் உடலுக்குள் போவது கை வழியாக. கம்பியை வாயில் கவ்வாதீர்கள், வேலை மேசையில் டீயும் முறுக்கும் வேண்டாம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், வெட்டி விழுந்த கால்களையும் தெறித்த ஈயத் துளிகளையும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள்.